நத்தை மூச்செடுக்கும் நேரம்

செங்கமலப்பேரிக் கண்மாயில் இருக்கிற நத்தைகள் மூச்செடுக்க மேலே வரும்போது ஊருக்குள் நெருப்புப் பற்றாது. அவை வேண்டிய காற்றை இழுத்து முடித்து, துளையை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான் பற்றும். தாயில்பட்டிக்குத் தெற்கே, நாலா பக்கமும் பட்டாசு ஆலைகள் சூழ்ந்த இந்த ஊரில் இது தொடங்கியது ஓர் ஆவணி மாதத்தில். அந்த வருஷம் மழை சரியில்லை. கண்மாயில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று பாசி படர்ந்து கிடந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சிலரும், இல்லை, ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு பாதியில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது என்று சிலரும் சொல்கிறார்கள். நடுப்பகல் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காளியம்மன் கோவில் பூசாரி சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டித் தீக்குச்சியை அநேகமாகக் கிழித்துத் தீர்த்தார். அத்தனையும் சாத்தூரில் செய்த புதுக்குச்சி. அம்மன் பொறுமையாகக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பெட்டியில் மிச்சமிருந்த கடைசிக் குச்சி ஒன்றும் நடக்காததுபோல் எரிந்தது. மறுநாளும் அப்படியே. முதல் வாரம் ஊர்க்காரர்கள் தீப்பெட்டிக் கம்பெனியைத் திட்டினார்கள். அடுத்த வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரைத் திட்டினார்கள். அதற்கடுத்த வாரம் திட்டுவதை விட்டுவிட்டு, உச்சிக்கு முன்னாலேயே குழம்பை இறக்கி வைக்கப் பழகிக்கொண்டார்கள்.

காரணம் நத்தைதான் என்று கண்டுபிடித்தவர் ஜாஸ்பின் டீச்சர். அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுப்பவர். சொந்த ஊர் சாத்தூர். கல்லூரியில் படித்த காலத்திலேயே நன்னீர் நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து, அவற்றைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும் வழக்கம் ஒட்டிக்கொண்டவர். வேகமாகப் பேசுவார். தான் சொல்வது சரி என்பதில் அவருக்கு எப்போதும் உறுதி இருந்தது, தவறாக இருக்கும்போது இன்னும் கூடுதலாக இருந்தது. ஒருநாள் மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து கண்மாய்க் கரை வழியாக வந்தபோது தண்ணீர்ப் பரப்பு முழுவதும் புள்ளி புள்ளியாக நத்தைகளைப் பார்த்தார். தரையில் நடப்பதுபோல அவை நீரின் மேல்தோலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, உடம்பின் ஓரத்தில் இருக்கும் சின்னத் துளையைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தன. செவுள் இல்லாத நத்தைகள் அப்படித்தான் செய்யும். மீனைப்போலத் தண்ணீரிலிருந்து மூச்செடுக்க அவற்றால் முடியாது. ஓட்டுக்குள் ஒரு குழிதான் அவற்றுக்கு நுரையீரல். அதை நிரப்ப மேலே வந்தே ஆகவேண்டும். இதெல்லாம் டீச்சருக்குத் தெரிந்த விஷயம். தெரியாத விஷயம் கரையில் நடந்தது. அங்கே ஒருவர் கருவேல முள்ளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார். நத்தைகள் துளையைத் திறந்ததும் ஆளுயரத்துக்கு எரிந்த தீ, நாய் படுப்பதுபோல மெதுவாகப் படுத்தது. நத்தைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தீ எழுந்து நின்றது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். ஜெபசுந்தர் சிவகாசியில் ஒரு மருத்துவமனையின் தீக்காய வார்டில் நர்ஸ். அதிகம் பேசாதவர். வேலை முடிந்து வந்தால் நேராகக் குளிக்கப் போவார். குளித்த பிறகும் களிம்பு வாசனை அவர்மேல் இருக்கும். வார்டில் என்ன நடந்தது என்று ஜாஸ்பின் கேட்பதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டு, அவர் சொல்லத் தொடங்கி, இருவரும் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்ததோடு கேட்பதை விட்டுவிட்டார். தீபாவளிக்கு முந்தைய மாதங்களை ஊரே சீசன் என்று சொல்லும்போது, அந்த மாதங்களில்தான் வார்டு நிறையும் என்பதால் ஜாஸ்பின் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. நத்தை விஷயத்தை ஜெபசுந்தர் முழுசாகக் கேட்டார். பிறகு, "அதுகளுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

நத்தைக்குத் தெரியுமோ தெரியாதோ, பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. அவர் செல்லக்கனி அம்மாவின் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தார். நாலு வாசல் வைத்த சின்ன அறை. விதிப்படி வாசலில் ஒரு தண்ணீர் டிரம் இருக்கும். அந்த வருஷம் லாரித் தண்ணீர் கிடைக்காமல் கண்மாய்த் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள், நத்தையோடு. ஒருநாள் வேலை விட்டு வந்தவர் வீட்டுக்குப் போகாமல் நேராக டீச்சர் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், இன்னைக்குப் பொறி வந்துச்சு" என்றார். "எங்கன உரசுச்சுன்னு தெரியலை. கண்ணு முன்னாடி பட்டாணி கணக்கா செவப்பா நின்னுச்சு. கீழ மருந்து அம்புட்டும் தட்டுல கெடக்கு. நாங்க மூணு பேரும் அசையக்கூட இல்லை. அது எங்கன போவோம்னு யோசிக்கிற மாதிரி நின்னுட்டு, அப்படியே இல்லாமப் போயிருச்சு."

"டிரம்மைப் பாத்தியா?"

"பாத்தேன். அம்புட்டு நத்தையும் மேல நின்னுச்சு."

ஜாஸ்பின் அவருக்குக் காப்பி போட உள்ளே போனார். அடுப்பு பற்றவில்லை, தண்ணீர் வற்ற வற்ற நத்தைகள் இப்போது மாலையிலும் மேலே வந்தன. இருவரும் தண்ணீர் குடித்தார்கள்.

ஆனால் பட்டாசு ஆலை நடத்துகிறவருக்கு இந்தச் செய்தி வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. செல்லக்கனி அம்மா மாமனார் காலத்து ஆலையை எடுத்து மூன்று மடங்கு பெரிதாக்கியவர். ஸ்கூட்டியில்தான் வருவார். அவர் குரல் ஸ்கூட்டிக்கு முன்னால் வந்து சேரும். ஜெய்ப்பூரிலிருந்து பெரிய ஆர்டர் கொடுக்க வந்த வியாபாரிக்கு மாதிரி வெடித்துக் காட்டப் பத்தாயிரம் வாலாவை மைதானத்தில் பாய்போல விரித்து, திரியில் ஊதுபத்தியை வைத்தார்கள். வியாபாரி இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கை வலித்து அவர் விரலை எடுத்தபோது, தூரத்தில் மயில் அகவுவது தெளிவாகக் கேட்டது. ஊதுபத்தியும் அணைந்திருந்தது. வியாபாரி மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு சிவகாசிக்குப் போய் வேறொருவரிடம் சரக்கு எடுத்தார். செல்லக்கனி அம்மா விசாரித்தார். நத்தை என்றார்கள். அன்றைக்கே மயில்துத்தத்துக்குச் சொல்லி அனுப்பினார். அதைக் கண்மாயில் கரைத்தால் நத்தை இனமே இருக்காது என்று உரக்கடையில் உறுதி சொல்லியிருந்தார்கள்.

மூட்டைகள் வந்து இறங்கிய அன்று ஜாஸ்பின் ஆலைக்குப் போனார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்றார் செல்லக்கனி அம்மா. "நத்தைக்குப் பரிஞ்சு பேச வந்திருக்கீகன்னு வாசல்லயே சொல்லிட்டாக. ஒண்ணு சொல்லுங்க. வெடி வெடிக்கலைன்னா நான் எதுக்குக் கம்பெனி வச்சிருக்கேன்? எரநூறு குடும்பம் இதை நம்பி இருக்கு."

"வெளிய வெடிக்கணும்மா. உள்ள வெடிக்கக் கூடாது. ரெண்டுக்கும் வழி இருக்கு. எல்லா நத்தையும் ஒண்ணு இல்லை. வகை பிரிச்சா எது இதைச் செய்யுதுன்னு தெரிஞ்சிரும். அதை மட்டும் ரூம் வாசல்ல வச்சுக்கலாம்."

"எம்புட்டு நாள் ஆகும்?"

"நாளைக்கே காட்டுறேன்."

இதுதான் ஜாஸ்பினின் அவசரம். வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் யோசித்தார். காற்றை இழுப்பதுதான் காரணம் என்றால் அதிகக் காற்றை இழுக்கிற நத்தைக்கு அதிக சக்தி இருக்கவேண்டும். கண்மாயில் இருப்பதிலேயே பெரியது எலுமிச்சம்பழ அளவு இருக்கும் ஆப்பிள் நத்தை. அதற்கு நுரையீரல் உண்டு. தண்ணீருக்கு மேலே குழாய் மாதிரி ஒன்றை நீட்டிக் காற்றை இழுக்கும். மறுநாள் டிரம் நிறைய ஆப்பிள் நத்தைகளைப் போட்டு, காலி அறை ஒன்றின் வாசலில் வைத்து, குழாய்கள் மேலே வந்ததும் போர்மேன் சங்கிலிமுத்துவைப் பார்த்துத் தலையாட்டினார். சங்கிலிமுத்து தரையில் கிள்ளி வைத்திருந்த மருந்தில் தீயை வைத்தார். மருந்து தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது. ஆள் பின்னால் பாய்ந்துவிட்டதால் மீசை மட்டும் போனது, அதுவும் வலதுபக்கம் மட்டும்.

செல்லக்கனி அம்மா திட்டவில்லை. "நாளைக்குக் காலையில துத்தத்தைக் கரைச்சிருவோம்" என்று சங்கிலிமுத்துவிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். ஜாஸ்பின் ஆப்பிள் நத்தைகளைக் கண்மாயில் கொட்டிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அந்த அறைக்குள் பாண்டிலட்சுமி இருந்திருந்தால் என்ற நினைப்பு வழியெல்லாம் கூடவே வந்தது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, தான் சொன்னது தவறு என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். சமையலறையில் யாரும் இல்லாததால் அது அவ்வளவு கடினமாக இல்லை.

பிறகு ஒரு வாளிக் கண்மாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து அதிலிருந்த நத்தைகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். தவறு எங்கே என்று பார்த்ததும் புரிந்தது. ஆப்பிள் நத்தையின் ஓட்டுக்குக் கதவு உண்டு. தொட்டால் உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளும். கதவு உள்ள நத்தைகள் செவுள் உள்ள கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆப்பிள் நத்தைக்கு நுரையீரல் இருந்தாலும் செவுளும் இருக்கிறது. காற்று கிடைக்காவிட்டால் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்கு மேலே வருவது ஒரு வசதி, அவ்வளவுதான். கதவில்லாத சின்ன நத்தைகளுக்கு அந்த வசதி கிடையாது. கலங்கிய தண்ணீரில் காற்று ஒன்றுதான் அவற்றின் உயிர். அதனால் அவை இழுக்கிற இழுப்பே வேறு. ஜாஸ்பின் கதவுள்ளவற்றை ஒதுக்கினார். மிச்சம் மூன்று வகை நின்றன. ஒன்று வலப்பக்கம் சுற்றியது. ஒன்று நாணயம்போலத் தட்டையாகச் சுருண்டது, அதன் இரத்தம் நம் இரத்தம்போலச் சிவப்பு. ஒன்று இடப்பக்கம் சுற்றியது, சுண்டுவிரல் நகமளவு, கண்ணாடிபோல மெல்லிய ஓடு. மூன்றையும் மூன்று கண்ணாடிக் குவளையில் போட்டார்.

அப்போதுதான் ஜெபசுந்தர் வேலையிலிருந்து வந்தார். குளிக்கப் போகாமல், சர்ச்சுக்கென்று வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்தியில் ஒன்றைக் கொளுத்தி முதல் குவளையின் பக்கத்தில் பிடித்தார். வலஞ்சுழி நத்தை மேலே வந்து துளையைத் திறந்தது. சுடர் காற்றடித்ததுபோல வளைந்து நிமிர்ந்தது. அடுத்தது தட்டை நத்தை. அது வெகுநேரம் வரவில்லை. சிவந்த இரத்தம் உள்ளதற்கு மூச்சை நீண்டநேரம் பிடித்து வைக்க முடியும் என்று ஜாஸ்பின் சொன்னார். ஒருவழியாக அது வந்தபோது சுடர் நீலமாகிக் கடுகளவுக்குச் சுருங்கியது. அணையவில்லை. மூன்றாவது குவளையில் இடஞ்சுழி நத்தை, தானே விட்ட கண்ணுக்குத் தெரியாத நூலைப் பிடித்துக்கொண்டு ஏறுவதுபோல நேராக மேலே வந்தது. துளை திறந்தது. சுடர் இல்லை. அணைந்த மெழுகுவர்த்திக்கு வருகிற புகைகூட வரவில்லை. அந்த இடத்தில் அதுவரை நெருப்பு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

"திரும்ப ஏத்து" என்றார் ஜெபசுந்தர்.

ஜாஸ்பின் ஏற்றினார். நத்தை வந்தது. சுடர் போனது.

"இன்னொரு தடவை, ஜாஸ்பின்."

எத்தனை தடவை என்று அவர்கள் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் ஜெபசுந்தர் விரலைத் திரிமேல் வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வார்டில் பார்த்தவர்களில் பத்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். தாயில்பட்டிப் பெண்கள், வெம்பக்கோட்டைப் பெண்கள், காரியாபட்டியிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பையன். ஜாஸ்பின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். முடித்ததும் இருவரும் பசியோடு சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஜாஸ்பின் இடஞ்சுழி நத்தைகளைப் பொறுக்கிப் போட்ட வாளியோடு கண்மாய்க்குப் போனபோது துத்த மூட்டைகள் கரையில் இருந்தன. மூட்டைகளின் மேல் பாண்டிலட்சுமியும் மருந்தறைப் பெண்களும் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அரை மீசையோடு சங்கிலிமுத்து எதிரே நின்று, "ஏத்தா, எந்திரிங்க, மொதலாளியம்மா வந்தா என்னையத்தான் வைவாக" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மீதி மீசையை எடுக்கச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்கள். அதற்குள் செல்லக்கனி அம்மாவின் குரலும், கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டியும் வந்தன.

ஜாஸ்பின் சுற்றி வளைக்கவில்லை. "நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன்மா. இன்னைக்குச் சரியாச் சொல்றேன்" என்றார்.

செல்லக்கனி அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், மூட்டைமேல் இருந்த பெண்களைப் பார்த்தார், வாளிக்குள் பார்த்தார். இந்தத் தடவை தீ வைக்கச் சங்கிலிமுத்து முன்வரவில்லை. வேறு யாரையும் செல்லக்கனி அம்மா கூப்பிடவும் இல்லை. ஆலையின் காலி அறை வாசலில் வாளியை வைக்கச் சொல்லி, தானே உள்ளே போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்தவைத்து, நத்தைகள் மேலே வரும் நேரம் பார்த்து மருந்துப்பொடியில் எரிகிற குச்சியை வைத்தார். குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அது பற்றவே இல்லை. மருந்துக்குள் குச்சியைக் குத்தி வைத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். அவருடைய மாமனார் அதே வரிசையில் ஓர் அறையில்தான் இறந்தார் என்பது ஊருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "சரி டீச்சர், நத்தை இருக்கட்டும். என் வெடி வெடிக்கணும். அதுக்கும் நீங்கதான் வழி சொல்லணும்" என்றார்.

அதற்கும் வழி இருந்தது. தண்ணீர் தேங்கி நாறினால்தான் இந்த நத்தைகள் அடிக்கடி மேலே வரும். தண்ணீரில் நல்ல காற்று கலந்திருந்தால் தோல் வழியாகவே கொஞ்சம் எடுத்துக்கொண்டு அடியில் கிடக்கும். செல்லக்கனி அம்மா வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணையிலிருந்து தண்ணீரைக் கலக்கி நுரைக்க வைக்கும் துடுப்புச் சக்கரம் ஒன்றை லோடு ஏற்றிக் கொண்டுவந்து கண்மாயில் இறக்கினார். சக்கரம் சுற்றினால் நத்தைகள் அடியில் இருக்கும், மைதானத்தில் வெடி வெடிக்கும், ஊரில் அடுப்பு எரியும். சக்கரம் நின்றால் நத்தைகள் மேலே வரும். மயில்துத்தத்தை உரக்கடைக்காரர் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மருந்தறை வாசல்களில் அப்போதிருந்து இடஞ்சுழி நத்தைகள்தான். எப்போதும் ஏதாவது ஒன்று மேலே நிற்கிற மாதிரி டிரம்மில் நிறையப் போட்டு வைத்தார்கள். டிரம்மில் இருப்பவற்றின் இழுப்பு அறையைத் தாண்டி எட்டவில்லை. வகை பிரிக்கப் பெண்கள் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். ஓட்டின் கூர்முனையை மேலே வைத்து, வாயைத் தன் பக்கம் திருப்பிப் பிடிக்கவேண்டும். வாய் பீச்சாங்கைப் பக்கம் இருந்தால் டிரம்முக்கு, சோத்தாங்கைப் பக்கம் இருந்தால் கண்மாய்க்கு. தட்டை நத்தை ஆடுமாடுகளுக்குப் புழுநோயைக் கொண்டுவரும் என்பதால் டீச்சர் அதை டிரம்மில் சேர்க்க விடவில்லை. பற்றாக்குறை வரவே இல்லை. இந்த நத்தை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பது. துணை கிடைத்தால் சேரும், கிடைக்காவிட்டால் ஒன்றே முட்டையிட்டு டிரம் சுவரில் ஜவ்வரிசிக் கஞ்சிபோல ஒட்டி வைத்துவிடும். கல்யாணமாகித் தாயில்பட்டிக்குப் போன பெண்கள் சீர்வரிசையோடு ஒரு தூக்குச்சட்டி நத்தையும் கொண்டுபோனார்கள். வெம்பக்கோட்டைக்கு அப்படித்தான் போனது. சாத்தூருக்கு யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. இரண்டாம் வருஷம் சீசனில் தீக்காய வார்டில் பாதிக் கட்டில் காலி. மூன்றாம் வருஷம் அதைப் பிரசவ வார்டோடு சேர்த்துவிட்டார்கள். ஜெபசுந்தரிடம் இப்போது பவுடர் வாசனை வருகிறது. வீட்டுக்கு வந்ததும் எந்தக் குழந்தை எத்தனை கிலோ என்று கேட்காமலே சொல்கிறார். ஜாஸ்பினுக்குச் சிலநேரம் அலுத்தும் போகிறது.

போன வருஷம் சென்னையிலிருந்து தருண்குமார் என்கிற நத்தை ஆராய்ச்சியாளர் வந்தார். இளைஞர், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. டிரம்களைச் சுற்றிப் பார்த்து, கொம்பின் நுனியில் கண் இருந்தால் தரைநத்தை, அடியில் இருந்தால் இந்த நீர்நத்தை என்று பெண்களுக்குக் காட்டினார். பிறகு ஜாஸ்பினிடம் தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னார். நுரையீரல் உள்ள நத்தைகளெல்லாம் ஒரே குடும்பம் என்று புத்தகத்தில் இருந்ததல்லவா, அந்தக் குடும்பத்தை இப்போது கலைத்துவிட்டார்கள். மரபணுவைப் பார்த்ததில் நுரையீரல் இல்லாத சில கடல் நத்தைகளும் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்துவிட்டது. நுரையீரலை மட்டும் வைத்து இனி உறவு சொல்ல முடியாது. ஜாஸ்பின் அன்று மாலை முழுவதும் சற்று வாட்டமாக இருந்தார். அத்தனை வருஷம் பாடம் எடுத்த குடும்பம். செல்லக்கனி அம்மா, "அப்ப நம்ம நத்தை இப்ப யாரு வீட்டுப் பிள்ளை?" என்று விசாரித்தார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார் தருண்குமார். "மெதுவாப் பேசட்டும், அதுவரைக்கும் நம்மகிட்ட இருக்கட்டும்" என்றார் செல்லக்கனி அம்மா.

மறுநாள் பள்ளிக்கூட ஆண்டுவிழா. தருண்குமார்தான் சிறப்பு விருந்தினர். குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்ற அவரைக் கூப்பிட்டார்கள். நடுப்பகல், சக்கரத்துக்கு ஓய்வு நாள். அவர் கையில் கொடுத்த மெழுகுவர்த்தி அணைந்தது. திரும்ப ஏற்றப் பார்த்த தீக்குச்சி பற்றவில்லை. அவர் சங்கடத்தோடு திரும்பிப் பார்த்தார். தலைமையாசிரியர் ஒலிபெருக்கியை இழுத்து, "பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, நத்தைகள் மூச்செடுத்துக்கொண்டிருக்கின்றன, சற்றே பொறுத்தருளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பந்தலில் எல்லோரும் இருந்தபடியே இருந்தார்கள். பெண்கள் பூவைச் சரிசெய்துகொண்டார்கள், ஒரு கைக்குழந்தை கொட்டாவி விட்டது. தருண்குமாரும் பொறுத்திருந்தார். கண்மாயில் கடைசி நத்தையும் இறங்கியிருக்க வேண்டும். அவர் கிழித்த அடுத்த குச்சி பற்றியது. விளக்கை ஏற்றிவிட்டு, நத்தைகளின் வகைப்பாடு பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.